கேபிளில் வரும் இணைய வேகம் வைஃபையில் ஏன் குறைகிறது? அளந்து கண்டறிந்து சரிசெய்யும் வழி

ஒரே வீடு, ஒரே இணைப்பு, ஒரே ரூட்டர். ஆனாலும் லேப்டாப்பில் கேபிளைச் செருகிச் சோதித்தால் விநாடிக்கு 500 மெகாபிட் வருகிறது. கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையில் சோதித்தால் 180 வருகிறது. அடுத்த அறைக்குப் போனால் 60 ஆகிவிடுகிறது. இதைக் கண்டவுடன் பலரும் சேவை நிறுவனத்திடம் புகார் கொடுக்கிறார்கள், அல்லது இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுகிறார்கள். இந்த நிலையில் இரண்டினாலும் பயன் கிடைக்காது. கேபிளில் 500 வருகிறதென்றால் நிறுவனம் தரவேண்டியது வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் பொருள். அதன்பின் குறைந்ததெல்லாம் ரூட்டருக்கும் கருவிக்கும் இடையே உள்ள சில மீட்டர் தூரத்தில் குறைந்தது.

அந்தக் குறைவில் ஒரு பகுதி கம்பியில்லாத் தொடர்பின் இயல்பு. அதை எந்த அமைப்பை மாற்றினாலும் முழுவதுமாக நீக்க முடியாது. மற்றொரு பகுதி, ரூட்டரை வைத்த இடம், தேர்ந்தெடுத்த சேனல் (வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைத் துண்டு), பழைய கருவி, பழுதான கேபிள் போன்ற காரணங்களால் வருவது. இதைப் பெரும்பாலும் செலவில்லாமலே சரிசெய்துவிடலாம். எது எந்தப் பகுதி என்று பிரித்தறியாமல் புதிய ரூட்டர் வாங்குவது வீண் செலவாகவே முடியும். ஆகவே, வேறுபாடு ஏன் வருகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டு, பிறகு இணைப்பின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளந்து, அளவு காட்டும் இடத்தில் மட்டும் கைவைப்பதே சரியான வரிசை.

எண்களைப் படிக்கும் முன்

சேவைத் திட்டங்களிலும் வேகச் சோதனைகளிலும் காணும் அளவு மெகாபிட். கோப்பைப் பதிவிறக்கும்போது கணினி காட்டும் அளவு பெரும்பாலும் மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு அதிகபட்சம் விநாடிக்கு 12.5 மெகாபைட் வேகத்தில்தான் இறங்கும். இந்த ஓர் உண்மை மனத்தில் இருந்தால், கோளாறே இல்லாத இடத்தில் கோளாறு தேடும் வேலை மிச்சமாகும்.

கேபிளுக்குள் நடப்பது

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுச் செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு இணைகளாக இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் ஓர் இணையின் இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கும். பெறும் முனையோ இரு கம்பிகளுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டை மட்டுமே படிக்கிறது. அதனால் இரண்டிலும் பொதுவாக உள்ள இரைச்சல் கழிந்துபோகிறது. கம்பிகளை முறுக்கி வைத்திருப்பதன் நோக்கம் இதுதான். இதன் விளைவாக, முறையாகச் செய்யப்பட்ட கேபிளில் 100 மீட்டர் தூரம் வரை கிகாபிட் வேகம் குறையாமல் செல்கிறது. 3 மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் வேகத்தில் வேறுபாடு இருப்பதில்லை.

இதைவிட முக்கியமான பண்பு ஒன்று உண்டு. கேபிள் இரண்டு முனைகளுக்கு மட்டுமே உரியது. ரூட்டரின் ஒரு போர்ட்டிலிருந்து உங்கள் கணினிக்குச் செல்லும் கேபிளில் வேறு எந்தக் கருவியும் குறுக்கிடுவதில்லை. மேலும், ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும். 1000 மெகாபிட் என்றால் கீழ்நோக்கி 1000, அதே கணத்தில் மேல்நோக்கியும் 1000.

அப்படியானால் கிகாபிட் கேபிளில் சோதித்தால் 1000 காட்டாமல் 940 அளவில் நிற்பது ஏன்? தரவு சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்கிறது. ஒவ்வொரு பொதியோடும் முகவரிகள், பிழைகாணும் குறியீடு, இரு பொதிகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி ஆகியவையும் சேர்ந்தே போகின்றன. கம்பியில் 1538 பைட்டுக்கான நேரம் செலவானால், அதில் நமக்குரிய தரவு ஏறத்தாழ 1448 பைட்தான். ஆகவே 940 என்பது குறைபாடு அல்ல. கிகாபிட் இணைப்பு முழுமையாக இயங்குகிறது என்பதற்கான சான்று.

இதே கணக்கை 100 மெகாபிட் போர்ட்டுக்குப் போட்டால் 94 வரும். இந்த எண்ணை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 300 மெகாபிட் திட்டம் வைத்திருப்பவருக்குக் கேபிளில் எப்போது சோதித்தாலும் 93, 94 என்றே வந்தால், இணைப்பின் ஏதோ ஓரிடம் 100 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகளே போதும். கேபிளில் ஒரே ஒரு கம்பி அறுந்தாலோ, முனையில் சரியாக அழுந்தாவிட்டாலோ, இரு பக்கமும் உள்ள கருவிகள் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் தராமல் 100க்கு இறங்கிக்கொள்கின்றன. இணைப்பு வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால் ஆண்டுக்கணக்கில் இதைக் கவனிக்காமல் இருக்கும் வீடுகள் உண்டு.

காற்றில் நடப்பது

வைஃபையில் கம்பிக்குப் பதிலாக ரேடியோ அலை இருக்கிறது என்பது மட்டும் வேறுபாடு அல்ல. அந்த அலையின் வழி எல்லாருக்கும் பொதுவானது என்பதே அடிப்படை வேறுபாடு. ஒரே ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு நடக்கும் கூட்டத்தைப் போல, ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரூட்டர் பேசும்போது கருவிகள் காத்திருக்க வேண்டும். ஒரு கருவி பேசும்போது ரூட்டரும் பிற கருவிகளும் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரூட்டர் அதே சேனலில் இருந்தால் அதுவும், அதனோடு இணைந்த கருவிகளும் அதே வரிசையில்தான் நிற்கின்றன.

யாருக்கு எப்போது முறை என்பதைத் தீர்மானிக்கவும் நேரம் செலவாகிறது. அனுப்ப விரும்பும் கருவி முதலில் சேனல் காலியாக இருக்கிறதா என்று கேட்கிறது, காலியாக இருந்தால், குறிப்பிட்ட எல்லைக்குள் ஒரு தற்செயலான நேரம் காத்திருக்கிறது, அதன்பிறகே அனுப்புகிறது. பெற்றுக்கொண்ட கருவி, கிடைத்தது என்று பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் வராவிட்டால், தரவு கெட்டுப்போனதாகக் கருதி மறுபடி அனுப்ப வேண்டும். இவையெல்லாம் மைக்ரோவிநாடிக் கணக்கில் நடப்பவையானாலும், ஒவ்வொரு விநாடியும் பல்லாயிரம் முறை நடப்பதால் கூட்டிப்பார்த்தால் பெரிய பங்கு போய்விடுகிறது. கருவியும் ரூட்டரும் தமக்குள் ஒப்புக்கொண்ட இணைப்பு வேகத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையே உண்மையான தரவாகக் கைக்கு வருவது இதனால்தான். இரண்டு ஆன்டெனா கொண்ட வைஃபை 5 (வைஃபையின் ஐந்தாம் தலைமுறை) கருவி 866 மெகாபிட் என்று இணைந்திருந்தால், பக்கத்திலேயே வைத்துச் சோதித்தாலும் 500 முதல் 600 வரை வருவது நல்ல அளவு. அதை 866 ஆக்க வழியில்லை.

தூரம் இரண்டாவது காரணம். ரூட்டருக்கு மிக அருகில் இருக்கும்போது, வைஃபை 6 ஒவ்வொரு குறியீட்டிலும் (ஒருமுறை அனுப்பும் அலை வடிவத்திலும்) 10 பிட் வரை ஏற்றி அனுப்புகிறது. அவ்வளவு நெருக்கமாக அடுக்கிய குறியீடுகளைப் பிரித்தறிய மிகத் தெளிவான சிக்னல் வேண்டும். விலகிச் செல்லச் செல்ல, சிக்னல் இரைச்சலுக்குள் அமிழ்கிறது. கருவி 8 பிட், 6 பிட், 4 பிட் என்று இறங்கி, கடைசியில் ஒன்றிரண்டு பிட்டோடு நிற்கிறது. திறந்த வெளியிலேயே தூரம் இரட்டிப்பானால் பெறும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். நடுவில் கான்கிரீட் சுவர், உலோகக் கதவு, கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகப் பூச்சு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை வந்தால் இன்னும் வேகமாகக் குறையும்.

பலர் எண்ணிப்பார்க்காத மூன்றாவது காரணம், மெதுவான கருவி வேகமான கருவியையும் பாதிப்பது. ஒரே அளவு தரவை 866 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஆகும் நேரத்தைப்போல் 36 மடங்கு நேரம் 24 மெகாபிட்டில் அனுப்ப ஆகும். வீட்டின் கடைசி மூலையில் பலவீனமான சிக்னலோடு காணொளியை ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு கண்காணிப்புக் கேமரா, தான் அனுப்பும் தரவு சிறிதாக இருந்தாலும், சேனலின் நேரத்தைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப் ரூட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தும் மெதுவாக இருப்பதற்கு அந்தக் கேமரா காரணமாக இருக்கலாம். என் பார்வையில், வீட்டு வைஃபையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் மிகவும் பயனுள்ளது இதுதான். வேகம் என்பதைவிடக் காற்றில் யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கினால், பல புதிர்கள் தாமாகவே விடுபடுகின்றன.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்

ரூட்டர் பெட்டியில் ஏஎக்ஸ் 3000 என்று எழுதியிருந்தால், எந்தக் கருவிக்கும் 3000 மெகாபிட் கிடைக்கும் என்று பொருள் அல்ல. வைஃபை இயங்கும் அலைவரிசைத் தொகுதியைப் பேண்ட் என்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் 574 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் 2402 மெகாபிட்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது அது. ஒரு சாதாரண கருவி ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணைகிறது. அந்த 2402ஐப் பெறவும் 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தைக் கையாளும் கருவி தேவை. பல போன்களும் லேப்டாப்களும் 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன. இரண்டு ஆன்டெனா இருந்தால் அவற்றின் உச்ச இணைப்பு வேகம் வைஃபை 6இல் 1201, வைஃபை 5இல் 866. ரூட்டரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கருவியில் சோதிப்பவருக்கு வேகம் கூடாததற்கு இதுவே விடை.

அளக்கும் வரிசை

இனி செய்முறைக்கு வருவோம். முதலில், ரூட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளையில்) ஒரு குட்டையான, நல்ல நிலையிலுள்ள கேபிளைச் செருகி, மறுமுனையைக் கிகாபிட் போர்ட் உள்ள கணினியில் இணைக்க வேண்டும். கணினியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் எந்த வழியாகச் சோதனை நடந்தது என்பதில் ஐயம் வந்துவிடும். விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் மென்பொருள்) இயங்கினால் நிறுத்த வேண்டும். வீட்டில் வேறு யாரும் பெரிய பதிவிறக்கம் செய்யாத நேரமாகப் பார்த்து, அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று முறை வேகச் சோதனை செய்து எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒருமுறையும் இரவு நெரிசல் நேரத்தில் ஒருமுறையும் இதைச் செய்வது நல்லது.

இந்த அளவு திட்டத்தின் வேகத்துக்கு நெருக்கமாக இருந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறையில்லை. நெருக்கமாக இல்லை என்றால், புகார் கொடுப்பதற்கு முன் கணினியின் நெட்வொர்க் அமைப்புகளில் ஈதர்நெட் இணைப்பின் வேகம் 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1000 என்று இருந்தும் சோதனையில் குறைவாகவே வந்தால்தான் சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டும். அப்போது, ரூட்டரில் நேரடியாகக் கேபிள் செருகி, வைஃபையை அணைத்து, இன்ன நேரங்களில் சோதித்ததில் இவ்வளவு வந்தது என்று சொன்னால், ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்ற முதற்கட்டப் பதிலைத் தாண்டி உரையாடல் நகரும்.

அடுத்து, அதே கணினியை ரூட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில், நடுவில் தடையேதும் இல்லாமல் வைத்து, கேபிளைக் கழற்றி, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சோதிக்க வேண்டும். வேறு கருவியில் சோதித்தால் ஒப்பீடு பயனற்றதாகிவிடும் என்பதால் அதே கணினி என்பது கட்டாயம். இந்த அளவுதான் உங்கள் ரூட்டரும் கருவியும் சேர்ந்து தரக்கூடிய உச்சம். இதுவே போதாது என்றால் சேனல், அகலம், பாதுகாப்பு அமைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இது போதுமானதாக இருந்து, வழக்கமாக அமரும் இடத்தில் மட்டும் குறைந்தால் சிக்கல் தூரமும் சுவரும்தான். அதற்கான தீர்வு முற்றிலும் வேறு.

மூன்றாவதாக, கருவியை வழக்கமாகப் பயன்படுத்தும் இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். அப்போது வேகத்தோடு சிக்னல் வலிமையையும் பார்க்க வேண்டும். அது டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு வரும். கழித்தல் 50 என்பது மிக நன்று. கழித்தல் 67 வரை காணொளி அழைப்புக்குத் தாராளமாகப் போதும். கழித்தல் 75க்குக் கீழே போனால் வேகம் தெளிவாகச் சரியும். கழித்தல் 80ஐத் தாண்டினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். பத்து டெசிபெல் குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், கழித்தல் 60க்கும் கழித்தல் 70க்கும் இடையே உள்ள வேறுபாடு எண்ணில் தோன்றுவதைவிடப் பெரியது. மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைச் சொடுக்கினால் இந்த அளவும் இணைப்பு வேகமும் தெரியும். ஆண்ட்ராய்டு போன்களுக்கும் விண்டோஸ் கணினிகளுக்கும் இதைக் காட்டும் இலவசச் செயலிகள் பல உள்ளன.

இணையத்தையே விலக்கிவிட்டுக் காற்றுவழியை மட்டும் அளக்க விரும்புவோர் ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். ரூட்டரில் கேபிளால் இணைந்த ஒரு கணினியில் அதைச் சர்வராக இயக்கி, வைஃபையில் உள்ள மற்றொரு கணினியிலிருந்து அதை நோக்கிச் சோதித்தால், வெளி இணைப்பின் வேகம் கணக்கில் வராமல், வீட்டுக்குள் உள்ள வைஃபையின் திறன் மட்டும் கிடைக்கும். 100 மெகாபிட் திட்டம் வைத்திருப்பவருக்கு வைஃபை 400 தருகிறது என்று இதில் தெரியவந்தால், அவர் வைஃபைக்காக இனி ஒரு காசும் செலவழிக்கத் தேவையில்லை.

கேபிள் பக்கம் குறை இருந்தால்

சோதனை 94ல் நின்றால் முதலில் மாற்றவேண்டியது கேபிள். மாற்றியும் அதுவே வந்தால், கணினியின் போர்ட், ரூட்டரின் லேன் போர்ட், வெளி இணைப்பு வந்து சேரும் வேன் போர்ட் ஆகிய மூன்றின் வேக அளவையும் பார்க்க வேண்டும். வைஃபை வேகத்தைப் பெரிதாக விளம்பரப்படுத்தும் மலிவான ரூட்டர்கள் சிலவற்றில் எல்லாப் போர்ட்டுகளும் 100 மெகாபிட்தான். அத்தகைய ரூட்டரில் கேபிளிலும் வைஃபையிலும் இணைய வேகம் 94க்கு மேல் போகாது.

கேபிளின் உறையில் அதன் வகை அச்சிடப்பட்டிருக்கும். கிகாபிட் வேகத்துக்கு கேட் 5இ போதும்; புதிதாகச் சுவருக்குள் பதிப்பதானால் கேட் 6 போடுவது நல்லது. அதற்கு மேற்பட்ட எண்களைத் தேடி வீட்டுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசி விற்கப்படும் கேபிள்கள் தரநிர்ணயத்துக்கு உட்பட்டவை அல்ல. மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும், நீண்ட தூரத்தில் நம்ப முடியாது. அதேபோல், ஒரு கேபிளை இரண்டு கருவிகளுக்குப் பிரித்துத் தருவதாகச் சொல்லும், மின்சாரம் தேவைப்படாத சிறு பிரிப்பான்களையும் தவிர்க்க வேண்டும். அவை நான்கு இணைகளை இரண்டிரண்டாகப் பங்கிடுவதால் இரு கருவிகளும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். கூடுதல் போர்ட் வேண்டுமானால், மின்சாரத்தில் இயங்கி ஒரு போர்ட்டைப் பலவாக்கித் தரும் கிகாபிட் ஸ்விட்ச்தான் சரியான கருவி.

போர்ட் இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பி மாற்றி வாங்குபவர்கள், அது யூஎஸ்பி 3 வகையா என்று பார்த்து, அதே வகைத் துளையில் செருக வேண்டும். யூஎஸ்பி 2இன் உச்சமே 480 மெகாபிட். நடைமுறையில் 300 சொச்சத்துக்கு மேல் வராது.

வைஃபை பக்கம் செய்யக்கூடியவை

இடமாற்றம் செலவில்லாதது, பலன் மிகுதியாகத் தருவதும் அதுவே. வெளியிலிருந்து கேபிள் நுழையும் மூலையிலேயே ரூட்டரை விட்டுவிடுவதால், அதன் அலையில் பாதி வீட்டுக்கு வெளியே போகிறது. முடிந்தவரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, தரையிலிருந்து உயர்த்தி, திறந்த இடத்தில் வைக்க வேண்டும். தொலைக்காட்சிக்குப் பின்னால், அலமாரிக்குள், இரும்புப் பீரோவின் மேல், மீன் தொட்டிக்கு அருகில் வைக்கக் கூடாது. வெளியே நீட்டிய ஆன்டெனாக்கள் இருந்தால், அவை தம் பக்கவாட்டில்தான் அலையை நன்கு பரப்புகின்றன, நுனி காட்டும் திசையில் அல்ல. ஆகவே ஒரே தளத்தில் உள்ள வீட்டுக்கு ஆன்டெனாக்கள் நிமிர்ந்து நிற்பது பொருத்தம். மேல்தளத்துக்கும் போகவேண்டுமானால் ஒன்றைக் கிடையாகச் சாய்க்கலாம்.

அடுத்தது பேண்ட். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு நன்றாகக் கடக்கும்; ஆனால் அங்கே இடம் குறுகல், நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அங்கே 1, 6, 11 என்ற மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. யூஎஸ்பி 3 கருவிகளும் அங்கே இரைச்சலைக் கிளப்பக்கூடியவை. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம்; தூரம் குறைவு. வேகம் தேவைப்படும் கணினி, போன் ஆகியவற்றை 5இலும், வேகம் தேவைப்படாத மின்விளக்கு, உணர்கருவி போன்றவற்றை 2.4இலும் வைப்பது சீரான பங்கீடு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரூட்டரில் கருவி தானாகவே 2.4க்குப் போய் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அந்த ஐயம் வந்தால் சோதனைக்காகவாவது இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துப் பார்க்க வேண்டும்.

2.4இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்றே வைக்க வேண்டும். 40 ஆக்கினால் எண் பெரிதாகத் தெரியும். ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்களோடு மோதல் கூடி, கிடைக்கும் வேகம் குறைந்துவிடும். சேனல் 3 அல்லது 4 காலியாக இருப்பதுபோல் தோன்றினாலும் அதை எடுக்கக் கூடாது. 1இலும் 6இலும் உள்ள இருவரோடும் அது அரைகுறையாக மோதும். ஒரே சேனலில் இருந்தால் ரூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு முறைவைத்துக்கொள்ளும். அரைகுறையாக மோதும்போது அந்த ஒழுங்கும் இருக்காது. 5இல் 80 மெகாஹெர்ட்ஸ் பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. அங்கே 52 முதல் 144 வரையிலான சேனல்களில், ரேடார் சிக்னல் தென்பட்டால் ரூட்டர் அந்த இடத்தைக் காலிசெய்தாக வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. விமான நிலையம் அல்லது வானிலை ரேடாருக்கு அருகில் இருப்பவர்களுக்கு இணைப்பு திடீரென்று அறுவதற்கு இது காரணமாகலாம். அவர்கள் 36 முதல் 48 வரையிலான சேனல்களை முயன்று பார்க்கலாம்.

பாதுகாப்பு அமைப்பும் வேகத்தைப் பாதிக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்ற பழைய மறையாக்க முறையில் ரூட்டர் இருந்தால், வைஃபை 4 முதற்கொண்டு வந்த வேகங்களைத் தரம் அனுமதிப்பதில்லை; இணைப்பு 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. டபிள்யூஎம்எம் என்ற, தரவுக்கு முன்னுரிமை வகுக்கும் அமைப்பை அணைத்து வைத்தாலும் இதே கதிதான். டபிள்யூபிஏ 2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ 3 என்று வைத்தால் பாதுகாப்பும் வேகமும் சேர்ந்து கிடைக்கும்.

ரூட்டரின் அனுப்பும் ஆற்றலை உச்சத்துக்கு ஏற்றுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். போனின் அனுப்பும் ஆற்றல் பெரும்பாலும் ரூட்டரினுடையதைவிடக் குறைவு. ரூட்டர் உரக்கப் பேசினாலும் போனின் பதில் அங்கே போய்ச் சேராவிட்டால் பயனில்லை.

சிக்னல் எட்டாத அறைகள்

ரிப்பீட்டர் வாங்குவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஒரே ரேடியோ கொண்ட ரிப்பீட்டர் ஒவ்வொரு பொதியையும் ஒருமுறை கேட்டு, அதே சேனலில் மறுமுறை அனுப்ப வேண்டும். காற்றின் நேரம் இரட்டிப்பாகச் செலவாவதால் வேகம் பாதியாகிறது. அதையும் சிக்னல் இல்லாத அறைக்குள்ளேயே செருகி வைத்தால், பலவீனமான சிக்னலைத்தான் அது பரப்பும். ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவே, சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். தமக்குள் பேசிக்கொள்வதற்குத் தனி ரேடியோ கொண்ட மெஷ் அமைப்புகள் (பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குபவை) இதைவிட மேம்பட்டவை. அவற்றின் கிளைக் கருவிகளைக் கேபிளால் இணைத்துவிட்டால் இந்த இழப்பே இராது. கேபிள் ஒன்றைத் தொலைவில் உள்ள அறைவரை இழுத்து, அதன் முனையில் ஒரு சாதாரண ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவி) வைப்பது, விலையுயர்ந்த கம்பியில்லா மெஷ்ஷைவிடச் சிறந்த பலன் தரும் என்பதே என் துணிபு.

புதிய கேபிள் இழுக்க வழியில்லாத வீட்டில், தொலைக்காட்சிக்காக முன்பே பதித்த கோஆக்ஸ் கேபிள் இருந்தால், மோகா என்ற மாற்றிகளை இரு முனையிலும் பொருத்தி அதையே ஈதர்நெட் போலப் பயன்படுத்தலாம். கிகாபிட்டை நெருங்கும் வேகம் கிடைக்கும். மின்கம்பி வழியாகத் தரவை அனுப்பும் பவர்லைன் மாற்றிகள் வீட்டு மின்இணைப்பின் நிலையைப் பொறுத்தவை. பெட்டியில் போட்ட எண்ணில் சிறு பங்கே வரும். அவற்றை நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் செருக வேண்டும், மின்னெழுச்சித் தடுப்புள்ள நீட்டிப்புப் பலகையில் செருகக் கூடாது.

வேகம் இருந்தும் தடுமாற்றம் இருந்தால்

காணொளி அழைப்பும் விளையாட்டும் மெகாபிட்டைவிடத் தாமதத்தையே அதிகம் சார்ந்தவை. கணினியின் கட்டளைத் திரையில், பதில் திரும்பிவர ஆகும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளையை ரூட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1க்கு, ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கேபிளில் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவாக, மாறாமல் வரும். நல்ல வைஃபையில் 2 முதல் 5 வரை வந்து, இடையிடையே சற்று எகிறும். 50, 100 என்று அடிக்கடி தாவினால் காற்றில் மோதலும் மறு அனுப்புதலும் மிகுந்திருக்கின்றன.

வைஃபையில் ரூட்டர்வரை தாமதம் சரியாக இருந்து, யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போது மட்டும் வெளி முகவரிக்கான பிங் பல நூறு மில்லிவிநாடிகளாக உயர்ந்தால், குற்றம் வைஃபையின் மேல் இல்லை. ரூட்டரிலோ மோடமிலோ பொதிகள் நீண்ட வரிசையில் தேங்கி நிற்கின்றன. கேபிளில் சோதித்தாலும் இது நடக்கும். ரூட்டரில் எஸ்க்யூஎம் என்ற, பொதிகளின் வரிசையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு இருந்தால் அதை இயக்கி, வேக எல்லையை அளந்த வேகத்தின் 90 சதவீத அளவில் வைத்தால் தேக்கம் நீங்கும். வலுக்குறைந்த ரூட்டரில் இது மொத்த வேகத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், இயக்கியபின் ஒருமுறை அளந்து பார்த்துவிட வேண்டும்.

எதற்குக் கேபிள் கொடுப்பது

எல்லாக் கருவிக்கும் கேபிள் இழுக்க முடியாது, தேவையும் இல்லை. இடம் மாறாத, அதிகத் தரவு இழுக்கும் கருவிகளைக் கேபிளுக்கு மாற்றினால், அவை காற்றை விட்டு விலகுகின்றன. மீதமுள்ள போன்களுக்கும் லேப்டாப்புகளுக்கும் அந்த நேரம் கிடைக்கிறது. மேசைக் கணினி, விளையாட்டுக் கருவி, தரவுச் சேமிப்புக் கருவி, கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி ஆகியவை இந்த வரிசையில் முதலில் வரும்.

தொலைக்காட்சி சற்றுக் குழப்பம் தரும். பல தொலைக்காட்சிகளில் ஈதர்நெட் போர்ட் 100 மெகாபிட்தான். ஆனால் அதே பெட்டியின் வைஃபை 5, ரூட்டருக்கு அருகில் இருந்தால், 200க்கு மேலும் காட்டும். இதைப் பார்த்துவிட்டுக் கேபிளைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். 4கே காணொளிக்கு வழக்கமாக விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் போதும் என்பதால், 94 அதற்குத் தாராளம். அந்தக் காணொளி கேபிள் வழியாகப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் வைஃபை மற்றவர்களுக்குக் காலியாக இருக்கிறது. எனவே சோதனையில் சிறிய எண்ணே வந்தாலும், தொலைக்காட்சியைக் கேபிளிலேயே விட்டுவைக்க வேண்டும்.